சரிகையும் சக்கரமும்

காஞ்சிபுரத்திற்குச் செல்வோர் பலதிறத்தர். கோயில்களைக் கண்டு வரச் செல்வோர் உண்டு. பட்டு வாங்கச் செல்வோர் உண்டு. அறிஞர் அண்ணா பிறந்த ஊரைப் பார்க்கச் செல்வோரும் உண்டு. அண்மையில் நாம் அவ்வூருக்குச் சென்றதோ ஒரு பழைய காரைப் பார்ப்பதற்கு! இதைக் கேட்டு வாசகர்கள் புன்னகை செய்யக்கூடும். எனினும், ஒரு குடும்பத்தின் இருபத்தேழு ஆண்டுச் சேமிப்பு அந்தக் காரோடு பிணைந்திருந்தது என்றால், அது வெறும் வேடிக்கைப் பயணம் அன்று என்பதை ஒப்புக்கொள்வார்கள்.

நம் பங்கைச் சேர்ந்த ஓட்டுநர் ஒருவர், சென்னையில் ஒரு தொழிலதிபரிடம் 27 ஆண்டுகள் கார் ஓட்டி ஓய்வு பெற்றவர். மகளுக்குத் திருமணம் உறுதியாகியிருந்தது. திருமணச் செலவுக்கென ஒதுக்கியது போக, கார் வாங்க அவர் கையில் 9 லட்சம் ரூபாய் இருந்தது. அத்தொகைக்கு இரண்டு வழிகள் தென்பட்டன. ஒன்று, ஐவர் அமரத்தக்க, பின்பெட்டி வைத்த, புத்தம் புதிய சிறு குடும்பக் கார். மற்றொன்று, காஞ்சிபுரத்து வணிகர் ஒருவர் விற்க இருந்த 11 ஆண்டுப் பழைய ஜெர்மானியச் சொகுசுக் கார். புதிதாக வந்தபோது அதன் விலை 40 லட்சத்திற்கு மேல்.

ஓட்டுநரின் மனம் பழைய காரின் பக்கம். அவர் துணைவியாரின் மனம் புதிய காரின் பக்கம். "சாமி, நீங்க ஒரு வார்த்தை சொன்னா அவர் கேட்பாரு" என்று அந்த அம்மையார் நம்மிடம் வந்து நின்றார். மணமகளுக்குக் கூறைப்புடவையும் எடுக்க வேண்டியிருந்தமையால், இரண்டையும் ஒரே பயணத்தில் முடிக்கலாம் என்று, ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் தாயும் தந்தையும் மகளும் நாமுமாய் நம் பழைய வண்டியில் புறப்பட்டோம். ஓட்டியவர் அவரே. ஆடம்பரத்தின் வீண்மையைப் பற்றி ஒரு சிறு பிரசங்கத்தை நாம் மனத்திற்குள் ஆயத்தம் செய்துகொண்டே சென்றோம் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

கார்கள் பிறக்கும் சாலை

பூந்தமல்லியைக் கடந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் செல்கையில், இடப்புறம் செம்பரம்பாக்கம் ஏரி விரிகின்றது. 2015 டிசம்பர்ப் பெருமழையின்போது இவ்வேரியிலிருந்து திறந்துவிடப்பட்ட நீரும், மற்ற ஏரிகளின் உபரி நீரும், பெய்த மழையும் அடையாற்றில் ஒன்றாய்ப் பெருகிச் சென்னையின் பல பகுதிகளை மூழ்கடித்ததை யார் மறப்பர்? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலும் அவ்வாறே நகரை நீரில் நிறுத்தியது. இவ்வெள்ளங்களில் மூழ்கிய கார்களில் பல, கழுவித் துடைக்கப்பட்டு மீண்டும் சந்தைக்கு வந்தன.

"பழைய கார் வாங்குறவங்க முதல்ல சீட் பெல்ட்டைத்தான் பார்க்கணும் சாமி" என்றார் ஓட்டுநர். "கடைசி வரைக்கும் இழுத்துப் பார்த்தா, உள்ளே சுருண்டு கிடக்கிற பகுதியில சேற்றுக் கறை தெரியும். மேலே எல்லாம் கழுவிடுவாங்க. அதைக் கழுவ மறந்துடுவாங்க." தரைவிரிப்பைத் தூக்கி முகர்ந்து பார்த்தலும், இருக்கை நகரும் இரும்புத் தண்டவாளத்தில் துரு உண்டா என்று தடவிப் பார்த்தலும் அவர் சொன்ன மற்றச் சோதனைகள்.

இருங்காட்டுக்கோட்டை வந்தது. 1996-இல் தொடங்கப்பெற்ற ஹூண்டாய் இந்திய நிறுவனம் 1998-இல் தன் முதற்காரான சாண்ட்ரோவை இங்கிருந்துதான் வெளியிட்டது. அதற்கு அப்பால் ஸ்ரீபெரும்புதூர்: இராமாநுசர் பிறந்த ஊர், 1991 மே 21-ஆம் நாள் ராஜீவ் காந்தி உயிர்துறந்த ஊர். இங்கிருந்து தெற்கே, திருச்சி நெடுஞ்சாலையில், மறைமலைநகரில் ஃபோர்டு நிறுவனம் 1999 முதல் கார்கள் செய்து, 2022-இல் உற்பத்தியை நிறுத்திக்கொண்டது. செங்கற்பட்டை அடுத்த மகேந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007 முதல் பி.எம்.டபிள்யூ கார்கள் உருவாகின்றன. 2019-இல் செங்கற்பட்டு தனி மாவட்டமாகும்வரை இவ்விடங்கள் யாவும் காஞ்சிபுரம் மாவட்டத்தவையே. ஆக, எளிய குடும்பக் காரும் செல்வர்தம் சொகுசுக் காரும் ஒரே மாவட்டத்து மண்ணில் பிறந்தவை என்க.

இவ்வட்டாரத்தில் இதற்கு முன்பும் ஒரு சொகுசுக் கார் பிறந்ததுண்டு. வண்டலூரை ஒட்டி இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1985-இல் 'ஸ்டாண்டர்டு 2000' என்னும் காரை வெளியிட்டது. நம் ஓட்டுநர் அப்போது இருபது வயது இளைஞர். "அண்ணா சாலையில முதன்முதலா அதைப் பார்த்தப்ப, பஸ் போனதுகூடத் தெரியாம நின்னுட்டேன்" என்றார். வெளித்தோற்றம் இங்கிலாந்தின் ரோவர் காரினுடையது. அம்பாசடரையும் பத்மினியையுமே கண்டிருந்த கண்களுக்கு அது வேற்றுலகப் பொருளாய்த் தோன்றியதில் வியப்பில்லை. ஆயினும், முன்மூடியைத் திறந்தால் உள்ளே இருந்ததோ ஸ்டாண்டர்டு வான்கார்டு காலத்துப் பழைய 1991 சி.சி. எஞ்சின்! பெரிய உடலை இழுக்க அது திணறியது. பெட்ரோலையும் மிகுதியாகக் குடித்தது. 1988-இல் அக்காரின் கதை முடிந்தது. மூன்றே ஆண்டுகள்.

"வெளியே சரிகை, உள்ளே பழைய நூல்" என்றார் பின்னிருக்கையில் இருந்த துணைவியார், கணவருக்குக் கேட்கும் குரலில். ஓட்டுநர் மறுமொழி கூறவில்லை. சுங்குவார்ச்சத்திரமும் கடந்தது; பொன்னேரிக்கரையில் இடப்புறம் திரும்பி ஊருக்குள் புகுந்தோம்.

தறியின் அருகில்

புடவைக்காக முதலில் பிள்ளையார்பாளையத்தில் நமக்கு அறிமுகமான நெசவாளர் ஒருவரின் இல்லம் சென்றோம். காலை உணவுக்குக் காஞ்சிபுரம் இட்டிலி கிடைத்தது. மந்தார இலை பரப்பிய மூங்கிற் குடலையில் மாவை ஊற்றி வேகவைத்து, மிளகும் சீரகமும் சுக்கும் மணக்க எடுக்கும் அவ்விட்டிலியைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம். ஆனால் வந்த வேலை வேறு.

நெசவாளர் தறியில் இருந்த புடவையைக் காட்டி விளக்கினார். காஞ்சிப் பட்டின் தனிச்சிறப்பு கோர்வை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டுக்கும் வெவ்வேறு நாடாக்கள். ஒருவர் தறியில் அமர, மற்றொருவர் பக்கத்திலிருந்து கரையின் நாடாவைத் தள்ள, ஊடை நூல்கள் ஒன்றையொன்று கவ்விக்கொள்கின்றன. முந்திக்கு நிறம் மாறும் இடத்திலும் பாவு நூல்களை ஒவ்வொன்றாய்ப் பிணைக்கிறார்கள். இவ்வுழைப்பை மதித்தே காஞ்சிப் பட்டிற்குப் புவிசார் குறியீடும் வழங்கப்பெற்றது.

பின்னர்ச் சரிகை பற்றிய பேச்சு எழுந்தது. மெய்ச் சரிகை என்பது சிவப்பூட்டிய பட்டு நூலின்மேல் வெள்ளித் தகட்டைச் சுற்றிப் பொன்முலாம் பூசியது. நெசவாளர் ஒரு துண்டுச் சரிகையை எடுத்து நகத்தால் சுரண்டிக் காட்டினார். உள்ளே செந்நூல் தெரிந்தது. மற்றொன்றைச் சுரண்டினார், வெண்ணிற இழை எட்டிப் பார்த்தது. "இதுவும் மின்னும், அதுவும் மின்னும் சாமி. பத்து வருஷம் கழிச்சுத்தான் எது எதுன்னு தெரியும்" என்றார்.

இங்கே நம் ஓட்டுநர் ஒரு நல்ல வினாவை எழுப்பினார். "பழைய பட்டுப் புடவையை விலைக்கு வாங்குறாங்களே, கிழிஞ்சதைக்கூட வாங்குறாங்களே, ஏன்?"

"சரிகையை உருக்கினா வெள்ளி கிடைக்குமே! புடவை செத்தாலும் வெள்ளி சாகாது" என்றார் நெசவாளர்.

"அப்போ நல்ல பொருளுன்னா பழசானாலும் மதிப்பு இருக்குது" என்று ஓட்டுநர் வெற்றியோடு நம்மைத் திரும்பிப் பார்த்தார். ஆயத்தம் செய்து வந்த பிரசங்கம் நம் தொண்டையிலேயே நின்றது.

விடைபெறும்போது மற்றொன்றும் அறிந்தோம். அந்த நெசவாளரின் மகன் தறியில் அமரவில்லை. இருங்காட்டுக்கோட்டையில் கார் உதிரிப் பாகம் செய்யும் ஆலைக்குப் போகிறான். அவர்தம் துணைவியார் உடுத்தியிருந்தது நூற்புடவை. "நெய்யுறது எல்லாம் வேறவங்க கட்டத்தான்" என்று சிரித்தார் அவர். அச்சிரிப்பில் கசப்பு இல்லை. ஆனால் நம் ஓட்டுநர் சிரிக்கவில்லை என்பதைக் கண்டோம். மகளுக்கு அரக்கு நிறத்தில் மெய்ச் சரிகைப் புடவை ஒன்று முடிவாயிற்று.

காரைக் கண்டோம்

காந்தி சாலையில் பட்டுக் கடைகளின் நெரிசலைத் தாண்டி, வணிகரின் இல்லத்தை அடைந்தோம். கருநீல நிறத்தில் கார் நின்றது. உண்மையைச் சொல்லிவிட வேண்டும்: அழகிய கார். ஓட்டுநர் அதைச் சோதித்த விதம் ஒரு மருத்துவர் நோயாளியைச் சோதிப்பது போன்றிருந்தது. சீட் பெல்ட் தூய்மையாக இருந்தது; தரைவிரிப்பில் ஈரமணம் இல்லை; நான்கு கதவுகளின் இடுக்குகளும் ஒரே அளவில் இருந்தன. ஆவணங்களும் குறையற்றவை. வங்கிக் கடன் தீர்ந்து, தடையில்லாச் சான்றும் படிவம் 35-உம் இருந்தன. விற்பவர் படிவம் 29-இலும், வாங்குபவர் படிவம் 30-இலும் கையொப்பமிட்டுப் பெயர் மாற்றினால் போதும்.

ஓட்டுநர் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து கதவைச் சாத்தினார். கனத்த, தாழ்ந்த ஓர் ஓசை. வெளியுலகின் இரைச்சல் முழுவதும் அறுந்தது போலிற்று. இத்தகைய கார்களின் கட்டுறுதியும், நெடுஞ்சாலையில் நிலைபெயராத ஓட்டமும் வீண்புகழ் அல்ல. மேலும், புதிய காரின் மதிப்பு வாங்கிய நாளிலிருந்தே இறங்குகிறது. காப்பீட்டார் வழக்கமாகக் கொள்ளும் கணக்கில், ஆறு திங்களுக்குள்ளேயே 5 விழுக்காடும், ஓராண்டுக்குள் 15 விழுக்காடும், ஐந்தாம் ஆண்டில் 50 விழுக்காடும் கழிகின்றன. அந்த இழப்பை எல்லாம் முதல் உரிமையாளரே சுமந்துவிட்டார். அவ்வகையில் பழைய சொகுசுக் காரை வாங்குவது மூடத்தனம் அன்று. அருகில் நம்பத்தக்க தொழிலாளி உள்ளவர், வீட்டில் வேறொரு வண்டியும் உள்ளவர், திடீர்ச் செலவுக்குத் தனிப்பணம் உள்ளவர் வாங்கலாம்.

வணிகர் அவசரப்படுத்தவில்லை. "மாலைக்குள் சொல்லுங்கள்" என்றார்.

கயிலாசநாதர் கோயில் புல்வெளியில்

யோசிக்க ஓர் அமைதியான இடம் வேண்டுமென்று ஊரின் மேற்கோரத்தில் உள்ள கயிலாசநாதர் கோயிலுக்குச் சென்றோம். பல்லவ மன்னன் இராசசிம்மன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய இக்கோயில் சிற்பக்கலையின் கருவூலம். அடித்தளம் கருங்கல், மேற்கட்டு மணற்கல். மணற்கல் உளிக்கு எளிதில் இணங்கியது. காற்றுக்கும் மழைக்கும் அதைப்போலவே இணங்கிவிட்டது. பிற்காலத்தார் சாந்து பூசிப் பூசிக் காத்திருக்கின்றனர். எழுப்பியது ஓர் அரசன். காத்து வருவது எத்தனையோ தலைமுறை.

துணைவியாரும் மகளும் சிற்பங்களைக் காணச் சென்றனர். புல்வெளி நிழலில் ஓட்டுநரும் நாமும் அமர்ந்தோம். "அந்தக் கார் மேலே உங்களுக்கு ஏன் இவ்வளவு ஆசை?" என்று வினவினோம். பெருமைக்காக என்ற விடையை எதிர்பார்த்தே வினவினோம்.

அவர் சற்று நேரம் கழித்துச் சொன்னார்: "இருபத்தேழு வருஷம் பின் கதவைத் திறந்து விட்டிருக்கேன் சாமி. எத்தனையோ கல்யாணத்துக்கு ஓட்டியிருக்கேன். எல்லாம் அவங்க வீட்டுப் பொண்ணுங்க. ஒரு தடவை, என் பொண்ணுக்கு அந்தக் கதவைத் திறந்து விடணும்."

நாம் என்ன சொல்ல? மனத்தில் வைத்திருந்த பிரசங்கம் இம்மனிதருக்கு உரியது அன்று என்று அப்போதுதான் உணர்ந்தோம். பிறர் அணியப் பட்டு நெய்யும் கையும், பிறர் அமரக் காரோட்டும் கையும் ஒரு நாளாவது தமக்கென விரும்பினால் அதை ஆடம்பரம் என்று யார் சொல்வது? நாம் வாய்மூடியிருந்தோம்.

பேசியவர் அவரே. "ஆனா கணக்கு எனக்குத் தெரியும் சாமி. முதலாளி வண்டியை சர்வீசுக்கு நான்தான் எடுத்துட்டுப் போவேன். பில்லை ஆபீசில கொடுத்துடுவேன். கொடுக்கிறதுக்கு முன்னாடி பார்ப்பேன். ஒரு தடவை அந்த பில் என் ஆறு மாசச் சம்பளம். கார் பாதி விலைக்கு வரும். கால் விலைக்குக்கூட வரும். அதோட ஸ்பேர் பார்ட்ஸ் கால் விலைக்கு வராதே! அது இன்னைக்கும் நாற்பது லட்சம் கார் ஸ்பேர் பார்ட்ஸ்தான்."

பழைய சொகுசுக் கார் பற்றி நூறு பக்கம் எழுதினாலும் இதற்கு மேல் சொல்வதற்கில்லை. கணக்கு மேலும் விரிந்தது. பதிவுச் சான்று 15 ஆண்டுகளுக்கு. இன்னும் நான்கே ஆண்டுகள் உள்ளன. அதன்பின் தகுதிச் சோதனை செய்து ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். காப்பீட்டில் விபத்தில்லா ஆண்டுகளுக்குக் கிடைக்கும் சலுகை உரிமையாளருக்கு உரியது, காரோடு கைமாறாது. பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலந்து வரும் இக்காலத்தில், அதற்கென அமைக்கப்படாத பழைய காரின் எரிபொருட் குழாய்களையும் கவனிக்க வேண்டும். மறுபுறம், 4 மீட்டருக்கு மிகாத நீளமும் 1200 சி.சி.க்கு மிகாத எஞ்சினும் கொண்ட பெட்ரோல் கார்களுக்குச் சரக்கு சேவை வரி 2025 செப்டம்பர் 22 முதல் 18 விழுக்காடாகக் குறைந்தது. புதிய காருக்கு நிறுவனத்தின் உத்தரவாதம் உண்டு. பழுதானால் எந்த ஊரிலும் பார்க்க ஆள் உண்டு.

"காலையில நெசவாளர் சொன்னாரே, புடவை செத்தாலும் வெள்ளி சாகாதுன்னு" என்று தொடர்ந்தார். "கார்ல உருக்கி எடுக்க வெள்ளி இல்லை சாமி. அது மட்டுமில்லை. பட்டுப் புடவை பெட்டிக்குள்ளே இருக்கிறப்ப சோறு கேட்காது. கார் சும்மா நின்னாலும் கேட்கும். பேட்டரி கேட்கும், டயர் கேட்கும், இன்சூரன்ஸ் கேட்கும். ஓடினா இன்னும் கேட்கும்."

இதைச் சொல்லி முடித்தபோது அவர் கண்கள் கலங்கியிருந்தன. ஒன்றைத் துறக்கும்போது அதன் தீமைகளை அடுக்கிக்கொண்டு துறப்பது எளிது. அதன் நன்மையெல்லாம் அறிந்தும், விரும்பியும், தன் கை அதைத் தாங்காது என்று கண்டு விடுவது வேறு. அவர் செய்தது இரண்டாவது.

"திருமணத்தன்று மட்டும் அத்தகைய காரொன்றை வாடகைக்கு எடுக்கலாமே!" என்று நாம் ஒரு வழி கூறினோம். அவர் தலையசைத்தார். "வாடகை வண்டின்னா அவங்க டிரைவர் வருவாரு. அப்போ கதவைத் திறக்கிறவர் அவராயிடுவாரே!"

நெசவு ஊர் தந்த பாடம்

மாலையில் வணிகரிடம் நன்றி கூறிப் புறப்பட்டோம். அவரும் முகம் சுளிக்கவில்லை. "நெசவாளர்கள் ஊரில் இருக்கிறேன். துணியை எடுத்தவர் மடித்து வைத்துவிட்டுப் போவது எனக்குப் பழக்கந்தான்" என்றார். திரும்பும் வழியில் துணைவியார் கணவரை ஒரு சொல்லும் குத்திப் பேசவில்லை. ஸ்ரீபெரும்புதூர் அருகே, புதிய கார்களை அடுக்கிச் சுமந்த நெடிய லாரி ஒன்று எதிரே வந்தபோது, "இதுல நம்ம கார் எது?" என்று மகள்தான் கேட்டாள்.

பெரும்பொருள் வாங்க நினைக்கும் குடும்பத்தார்க்கு அவ்வூர் கற்பித்ததை ஈண்டுச் சொல்லலாம். வாங்கும் விலை ஒருநாள் விலை. வைத்துக் காக்கும் விலை நாள்தோறும் கொடுக்கும் விலை. முன்னதைக் கடைக்காரர் சொல்வார். பின்னதை நாமேதான் கேட்டறிய வேண்டும். ஓராண்டுக்கு ஆகும் பராமரிப்பையும் காப்பீட்டையும் எரிபொருளையும் ஒரு தாளில் எழுதி, அதனைக் குடும்பத்தின் திங்கள் வருவாயோடு வைத்துப் பாருங்கள். தாங்கும் என்றால் பழைய சொகுசுக் காரும் நல்ல காரே. தாங்காது என்றால், இலவசமாகக் கிடைத்தாலும் அது விலையுயர்ந்த பொருளே. பழையதை வாங்குவோர் பெயர் மாற்றத்தைக் காலந்தாழ்த்தலாகாது. மாநிலத்திற்குள் விற்றவர் 14 நாள்களுக்குள்ளும் வாங்கியவர் 30 நாள்களுக்குள்ளும் பதிவு அலுவலகத்திற்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம்.

திருமண நாள் வந்தது. கோயில் வாயிலில் வெண்ணிறப் புதுக்கார் ஒன்று வந்து நின்றது. பின்கண்ணாடியில் கடை ஒட்டிய தாளின் ஓரம்கூட இன்னும் முழுதாக நீங்கவில்லை. வெள்ளை வேட்டியும் சட்டையும் உடுத்திய தந்தை ஓட்டுநர் இருக்கையிலிருந்து இறங்கினார். பழகிய நடையில் காரைச் சுற்றி வந்தார். ஒரு கையால் புடவை முந்தி சிக்காதபடி காத்து, மறுகையால் பின் கதவைத் திறந்தார். அரக்கு நிறப் பட்டில் மகள் இறங்கினாள். அவர் கதவைச் சாத்தினார். அது மெல்லிய தகட்டின் ஓசைதான். அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.